பசித்திருந்தால் புற்று அழியுமா? குடல் உயிரணுக்களின் இறப்பும் மறுபயன்பாடும்

பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுவோரின் குடும்பத்தினர் அண்மைக் காலமாக எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பட்டினி கிடந்தால் உடம்பு கெட்டுப்போன செல்களைத் தானே தின்றுவிடுமாமே? இதைக் கண்டுபிடித்தவருக்கு நோபல் பரிசுகூடக் கொடுத்திருக்கிறார்களாமே? அப்படியானால் இவருக்குச் சாப்பாட்டைக் குறைத்துப் பார்க்கலாமா?" என்பதே அக்கேள்வி. கைப்பேசியில் வந்த காணொளியைக் காட்டிக் கேட்போர் உண்டு. கேட்காமலேயே உணவைக் குறைத்துவிட்டு, அடுத்த தவணை மருந்துக்கு வரும்போது நோயாளியை எடை இழந்த நிலையில் அழைத்து வருவோரும் உண்டு.

இக்கேள்வி அன்பினால் எழுவது. அதில் ஓரளவு உண்மையும் இருக்கிறது. நோபல் பரிசு உண்மை. உயிரணு தன்னையே உண்பதும் உண்மை. ஆனால் அவற்றிலிருந்து பெறப்படும் முடிவு தவறானது. சிகிச்சையில் இருப்பவருக்குத் தீங்கு தரக்கூடியது. எவ்வாறு என்பதை அறிய, நம் குடலில் உயிரணுக்கள் எப்படி இறக்கின்றன, அவற்றின் பகுதிகள் எப்படி மீண்டும் பயன்படுகின்றன என்பதை முதலில் பார்ப்போம்.

உதிர்வதும் துளிர்ப்பதும்

பெருங்குடலின் உட்பரப்பு வெறும் கண்ணுக்கு வழவழப்பான தோல் போலத் தோன்றும். நுண்ணோக்கியில் பார்த்தால் அதில் எண்ணற்ற சிறு குழிகள் தெரியும். ஒவ்வொரு குழியின் அடியிலும் தாய் உயிரணுக்கள் இருக்கின்றன. அவை பிரிந்து புதிய உயிரணுக்களை உண்டாக்குகின்றன. புதியவை மெல்ல மேலேறி, குழியின் வாயை அடைந்து, சில நாட்கள் பணியாற்றி, பின் உதிர்ந்து மலத்துடன் வெளியேறுகின்றன. பிறப்பு முதல் உதிர்வு வரை ஏறத்தாழ 4, 5 நாட்களே. இன்று நம் குடலின் உட்பரப்பில் இருக்கும் உயிரணுக்களுள் பெரும்பாலானவை அடுத்த வாரம் இரா.

கல்வராயன் மலைச் சரிவுகளில் கோடைக்கு முன் மரங்கள் இலையுதிர்ப்பதை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். மரம் நோயுற்றதால் இலை விழுவதில்லை. மரம் வாழ்வதற்காகவே விழுகிறது. உடலிலும் அவ்வாறே. 1972ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழகத்தில் இணைந்து ஆய்வு செய்த ஜான் கெர், ஆண்ட்ரூ வில்லி, அலாஸ்டர் கர்ரி ஆகிய மூவரும், உயிரணுக்களின் இத்தகைய ஒழுங்கான இறப்புக்கு 'அப்போப்டோசிஸ்' என்று பெயரிட்டனர். இலையோ இதழோ உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. தமிழில் இதனைத் திட்டமிட்ட உயிரணு இறப்பு என்கிறோம்.

இந்த இறப்பு எவ்வளவு திட்டமிட்டது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. மண்ணில் வாழும் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழு ஒன்றை ஆராய்ந்தவர்கள், அது வளரும்போது உருவாகும் 1,090 உடல் உயிரணுக்களுள் 131 உயிரணுக்கள் தவறாமல் இறக்கின்றன என்று கண்டனர். எவை இறக்க வேண்டும், எப்போது இறக்க வேண்டும் என்பதும் மரபணுக்களில் எழுதப்பட்டிருக்கிறது. இந்த ஆய்வு வழியில் உழைத்த சிட்னி பிரென்னர், ராபர்ட் ஹார்விட்ஸ், ஜான் சல்ஸ்டன் ஆகியோர் 2002ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றனர்.

ஓர் உயிரணுவின் மரபணு இழை சேதமடைந்தால், பி53 என்னும் காவல் புரதம் அதை அறிந்து முதலில் உயிரணு பிரிவதை நிறுத்துகிறது. சேதத்தைச் செப்பனிட இயன்றால் செப்பனிடப்படும். இயலாவிட்டால் இறப்புக்கான ஆணை பிறக்கும். அப்போது, உயிரணுவுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து ஒரு புரதம் வெளியேறி, காஸ்பேஸ் எனப்படும் நொதிகளைத் தூண்டும். அவை உயிரணுவை உள்ளிருந்தே துண்டுகளாக்கும். உயிரணு சுருங்கிச் சிறு பொட்டலங்களாகப் பிரியும். அண்டை உயிரணுக்கள் அப்பொட்டலங்களை விழுங்கி, அவற்றிலுள்ள பொருள்களை மீண்டும் பயன்படுத்திக்கொள்ளும். அழற்சியோ வலியோ காய்ச்சலோ தோன்றுவதில்லை. நமக்குத் தெரியாமலேயே இது நாள்தோறும் நடைபெறுகிறது.

ஒழுங்கற்ற இறப்பு

எல்லா உயிரணுக்களும் இவ்வாறு அமைதியாக இறப்பதில்லை. நஞ்சு, இரத்த ஓட்டத் தடை, கடும் தீக்காயம் போன்றவற்றால் உயிரணு வீங்கி, வெடித்து, உள்ளிருக்கும் பொருள்களைச் சுற்றிலும் கொட்டிவிடுவது உண்டு. சுற்றியுள்ள பகுதி வீங்கி, அழற்சி கொள்ளும். இதனைத் திசு நசிவு என்பர்.

நம் மாவட்டத்தார் இதன் கொடிய வடிவத்தை அறிந்தவர்கள். 2024 ஜூன் மாதத்தில் கருணாபுரத்திலும் சுற்றுப்புறங்களிலும் மெத்தனால் கலந்த சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மெத்தனால் கல்லீரலில் ஃபார்மிக் அமிலமாக மாறுகிறது. அவ்வமிலம் மைட்டோகாண்ட்ரியா ஆற்றலை உண்டாக்குவதைத் தடுக்கிறது. ஆற்றல் மிகுதியாகத் தேவைப்படும் பார்வை நரம்பும் மூளையும் முதலில் தாக்குண்கின்றன. பிழைத்தவர்களுள் சிலருக்குப் பார்வை குன்றுவது இதனால்தான். அந்தத் துயரை இங்கே நினைவுகூர்வதற்குக் காரணம் உண்டு. உயிரணு இறப்பு என்றவுடன் நம் மனம் அத்தகைய அழிவையே எண்ணி அஞ்சுகிறது. உடல் தன் நலத்துக்காக நாள்தோறும் நடத்தும் இறப்போ முற்றிலும் வேறானது. புற்றுநோய் என்பது அந்த ஒழுங்கான இறப்பு நின்றுபோவதால் விளைவதாகும்.

உயிரணு தன்னையே உண்பது

இனி அந்தக் காணொளிகள் கூறும் செய்திக்கு வருவோம். அடைமழை நாளில் விறகு தீர்ந்துபோனால் கிராமத்து வீட்டில் என்ன செய்வார்கள்? உடைந்த கட்டில் சட்டத்தையும் உளுத்த கழியையும் வெட்டி அடுப்பெரிப்பார்கள். வீட்டில் வேண்டாத பொருளும் குறையும், உலையும் கொதிக்கும். உயிரணுவும் இதைச் செய்கிறது. பழுதான புரதங்களையும் பழைய மைட்டோகாண்ட்ரியாவையும் ஒரு சவ்வுப் பையில் கட்டி, செரிப்பு நொதிகள் நிறைந்த லைசோசோம் என்னும் அறைக்கு அனுப்புகிறது. அங்கே அவை சிதைந்து, அமினோ அமிலங்களாகவும் கொழுப்பு அமிலங்களாகவும் மாறி, மறுபடியும் பயன்படுகின்றன. இதற்கு 'ஆட்டோஃபேஜி' என்று 1963ஆம் ஆண்டில் பெயர் சூட்டியவர், லைசோசோமைக் கண்டறிந்த கிறிஸ்டியன் டி டூவ். தமிழில் தன்னுண்ணல் எனலாம்.

இது எவ்வாறு இயங்குகிறது என்பதை விளக்கியவர் ஜப்பானின் யோஷினோரி ஓசுமி. அவர் ஆராய்ந்தது மனிதரையோ புற்றுக்கட்டியையோ அன்று. ரொட்டி மாவைப் புளிக்க வைக்கும் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரை. ஈஸ்ட்டுக்கு ஊட்டம் கிடைக்காமல் செய்தபோது, சில மணி நேரத்தில் அதனுள் தன்னுண்ணும் பைகள் பெருகுவதை அவர் கண்டார். பின்னர் இப்பணிக்கு இன்றியமையாத மரபணுக்களை ஒவ்வொன்றாக இனங்கண்டார். 2016ஆம் ஆண்டின் நோபல் பரிசு இதற்காகவே அவருக்கு வழங்கப்பட்டது.

அவருடைய ஆய்வில் காணொளிகள் சொல்லாமல் விடும் ஒரு பகுதி உண்டு. தன்னுண்ணும் மரபணு பழுதான ஈஸ்ட்டைப் பட்டினி போட்டபோது, அது விரைவில் இறந்தது. அந்த மரபணு நன்றாக இருந்த ஈஸ்ட்டோ பட்டினியைத் தாங்கிப் பிழைத்தது. அதாவது, தன்னுண்ணல் என்பது பசியினால் உயிரணு சாவதற்கான வழியன்று. பசியிலும் உயிரணு சாகாமல் இருப்பதற்கான வழி. இந்த ஒன்றை நினைவில் கொண்டால், பின்வருவன எளிதில் விளங்கும்.

குடலில் புற்று தோன்றும் விதம்

குடல் குழிகளில் உயிரணுக்கள் ஓயாமல் பிரிவதால் பிழைகள் நேர வாய்ப்பு மிகுதி. பெரும்பாலான பெருங்குடல் புற்றுகளில் முதலில் பழுதாவது ஏபிசி என்னும் மரபணு. அது பழுதானால் குழியின் அடியிலுள்ள உயிரணுக்களுக்குப் 'பிரிந்துகொண்டே இரு' என்னும் செய்தி நிற்காமல் வருகிறது. மேலேறி உதிர வேண்டியவை உதிராமல் தங்கிக் குவிகின்றன. அவ்வாறு குவிந்ததே பாலிப் எனப்படும் சிறு முளை. பாலிப்புகள் எல்லாம் புற்றாக மாறுவதில்லை. சிலவற்றில் கேராஸ் போன்ற மரபணுக்களும் மாறி வளர்ச்சி விரைவுபடுகிறது. இறுதியில் பி53 காவலும் பழுதாகிறது. அதன்பின் மரபணுச் சேதம் எவ்வளவு இருந்தாலும் இறப்பு ஆணை பிறப்பதில்லை. பாலிப் புற்றாக மாறப் பொதுவாகப் 10 ஆண்டுகள் அளவிலும் ஆகும். இது நமக்குக் கிடைக்கும் நீண்ட அவகாசம் என்பதைக் கருத்தில் கொள்க.

இதில் தன்னுண்ணலின் பங்கு இருவகையானது. நலமான உயிரணுவில் பழுதான பகுதிகளை அகற்றி, மரபணுச் சேதத்தைக் குறைப்பதால் அது காவலாக நிற்கிறது. ஆனால் கட்டி தோன்றிய பின் நிலைமை மாறுகிறது. வேகமாக வளரும் கட்டியின் நடுப்பகுதிக்கு இரத்தம் போதிய அளவு எட்டுவதில்லை. அங்கே உணவும் குறைவு, உயிர்வளியும் குறைவு. அந்தப் பஞ்சத்தில் புற்று உயிரணுக்கள் பிழைப்பதற்குத் தன்னுண்ணலே துணை செய்கிறது. 2015ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், குடலில் பாலிப் தோன்றும் இயல்புடைய எலிகளின் குடல் உயிரணுக்களில் தன்னுண்ணும் மரபணு ஒன்றை நீக்கியபோது, கட்டிகள் தோன்றுவதும் வளர்வதும் குறைந்தன. புற்று உயிரணுக்களின் தன்னுண்ணலைத் தடுக்கும் நோக்குடன், மலேரியாவுக்கும் மூட்டு நோய்க்கும் பயன்படும் குளோரோகுயின் வகை மருந்துகளை வேதிச்சிகிச்சையுடன் சேர்த்துச் சோதித்தும் வருகின்றனர். அவை இன்னும் ஆய்வு நிலையில்தான் உள்ளன. எவரும் தாமாக வாங்கி உட்கொள்ளலாகாது.

மருத்துவ ஆய்வாளர்கள் கட்டியில் தடுக்க முயலும் ஒன்றையே, பட்டினியால் தூண்டிவிட்டு நோயைத் தீர்க்கலாம் என்று காணொளிகள் கூறுகின்றன. பட்டினி, நல்ல உயிரணுவையும் புற்று உயிரணுவையும் பிரித்தறிந்து ஒன்றை மட்டும் தண்டிப்பதில்லை.

மருந்து என்ன செய்கிறது?

அறுவை சிகிச்சை கட்டியை வெளியேற்றுகிறது. வேதிச்சிகிச்சையும் கதிர்வீச்சும், இறக்க மறுத்த உயிரணுக்களை மீண்டும் இறப்பு வழியில் செலுத்துகின்றன. 1957ஆம் ஆண்டில் அறிமுகமான ஃப்ளூரோயுராசில், புதிய மரபணு இழையை உண்டாக்கும் பணியைக் கெடுக்கிறது. இன்றும் பெருங்குடல் புற்றுச் சிகிச்சையின் அடித்தளம் அதுவே. கேப்சிடபைன் மாத்திரையும் உடலுக்குள் சென்று அம்மருந்தாகவே மாறுகிறது. ஆக்ஸாலிபிளாட்டின், மரபணு இழைகளைப் பிணைத்துப் பிரியவிடாமல் செய்கிறது. மலக்குடல் புற்றில் பெரிதும் பயன்படும் கதிர்வீச்சு, மரபணு இழைகளைத் துண்டிக்கிறது. சேதம் அளவு மீறும்போது காஸ்பேஸ் நொதிகள் எழுகின்றன. புற்று உயிரணு சுருங்கி இறக்கிறது.

இம்மருந்துகள் வேகமாகப் பிரியும் உயிரணுக்களையே பெரிதும் தாக்குகின்றன. நம் வாய், குடல், எலும்பு மச்சை ஆகியவற்றின் நலமான உயிரணுக்களும் வேகமாகப் பிரிபவை. ஆகவே அவற்றுள்ளும் பல இறக்கின்றன. வாய்ப்புண், வயிற்றுப்போக்கு, வெள்ளணுக் குறைவு ஆகியவை தோன்றுவது இதனால்தான். மருந்து உடலுக்கு ஒவ்வவில்லை என்பதற்கோ நோய் முற்றிவிட்டது என்பதற்கோ இவை அடையாளம் அல்ல. தவணைகளுக்கு இடையே இரண்டு, மூன்று வாரம் விடுவதன் நோக்கம், நலமான உயிரணுக்கள் மீண்டும் துளிர்ப்பதற்கு இடம் தருவதே. துளிர்ப்பதற்குப் புரதமும் ஆற்றலும் வேண்டும். அந்நாட்களில் பட்டினி கிடந்தால், துளிர்க்க வேண்டியவற்றின் உணவையே பறித்தவர்களாகிறோம்.

வீட்டில் கடைப்பிடிக்க வேண்டியவை

புற்றுநோயாளியின் உடல் பட்டினி கிடக்கும்போது கொழுப்போடு தசையும் கரைகிறது. தசை குறைந்தவர்களுக்கு மருந்தின் பக்கவிளைவுகள் கூடும். மருந்தின் அளவைக் குறைக்கவோ தவணையைத் தள்ளிப்போடவோ நேரும். எனவே, சிகிச்சைக் காலத்தில் எடையைக் காப்பது சிகிச்சையின் ஒரு பகுதியே ஆகும்.

நாளொன்றுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1 முதல் 1.5 கிராம் வரை புரதம் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது. 50 கிலோ எடையுள்ளவருக்கு 50 முதல் 75 கிராம். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் உண்டு. பருப்பு, பயறு, தயிர், மீன், கோழி, நிலக்கடலை ஆகியவற்றால் மீதியை நிறைவு செய்யலாம். ஒரே வேளையில் உண்ண இயலாதவர் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறிது சிறிதாக உண்ணலாம். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் புரத அளவை மருத்துவரிடம் கேட்டு வகுத்துக்கொள்ள வேண்டும். மரவள்ளிக்கிழங்கை முதன்மை உணவாகக் கொள்ளும் மலைப்பகுதிக் குடும்பத்தினர், அதில் புரதம் மிகக் குறைவு என்பதை அறிந்து, உடன் பருப்போ முட்டையோ சேர்ப்பது நலம்.

வயிற்றுப்போக்கு உள்ள நாட்களில் குழைந்த சோறு, மோர், உப்பு சர்க்கரைக் கரைசல் ஆகியவை ஏற்றவை; கீரை, முழுத் தானியம், காரம், பொரித்தவை ஆகியவற்றை அந்நாட்களில் தவிர்க்கலாம். ஆக்ஸாலிபிளாட்டின் பெறுவோர், மருந்து ஏறிய சில நாட்களுக்குக் குளிர்ந்த நீர் பருகுவதையும் குளிர்ந்த பொருளைத் தொடுவதையும் தவிர்க்க வேண்டும். விரல்களிலும் தொண்டையிலும் மரமரப்பு மிகும்.

விரதம் குறித்தும் சொல்ல வேண்டும். ஏகாதசி, சஷ்டி, ரமலான், தவக்காலம் எனப் பல நோன்புகளை நம் குடும்பங்கள் போற்றுகின்றன. நோயுற்றவருக்கு விலக்கு அளிப்பது அந்தந்த மரபிலேயே உள்ள வழக்கம்தான். நோன்பு நோற்க விரும்புவோர் மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவித்தால், எந்த அளவு ஏற்றது என்று சேர்ந்து முடிவு செய்யலாம். அறுவை சிகிச்சைக்கும் பெருங்குடல் உள்நோக்கிப் பரிசோதனைக்கும் முன் வெறும் வயிற்றுடன் இருக்கச் சொல்வது வேறு. அதைத் தவறாமல் கடைப்பிடிக்க வேண்டும்.

கீழ்க்காணும் நிலைகளில் அடுத்த தவணை வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும்:

- வேதிச்சிகிச்சைக் காலத்தில் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல்
- நிற்காத வயிற்றுப்போக்கு, வாந்தி, அல்லது நீர்கூட அருந்த இயலாத வாய்ப்புண்
- மலமும் காற்றும் வெளியேறாமல் வயிறு உப்பி வலித்தல்
- மலத்தில் மிகுதியான இரத்தம்

குடும்பத்தினருக்கு ஒரு வேண்டுகோள்

பாலிப் புற்றாக மாறுவதற்குப் பல ஆண்டுகள் ஆகும் என்று கண்டோம். அந்த ஆண்டுகளில் அதைக் கண்டறிந்தால், உள்நோக்கி வழியாகவே அகற்றிவிடலாம். புற்று தோன்றாமலேயே தடுக்கலாம். பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளைகள் ஆகியோருள் ஒருவருக்கு இந்நோய் வந்திருந்தால், மற்றவர்கள் 40 வயதில், அல்லது அவருக்கு நோய் கண்டறியப்பட்ட வயதுக்கு 10 ஆண்டுகள் முன்னதாக, இவற்றுள் எது முந்தியதோ அப்போதே பரிசோதனையைத் தொடங்க வேண்டும். உங்கள் தந்தைக்கு 45 வயதில் நோய் வந்திருந்தால், உங்களுக்கு 35 வயதில் பரிசோதனை தேவை.

மலத்தில் இரத்தம் கண்டால் 'மூலமாக இருக்கும்' என்று தாமே முடிவு செய்து நாட்டு மருந்தோடு மாதங்களைக் கடத்துவது நம் பகுதியில் இன்றும் காணப்படுகிறது. மூலமாகவே இருக்கலாம்; ஆனால் அதை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். மலம் கழிக்கும் வழக்கத்தில் வாரக்கணக்கில் நீடிக்கும் மாற்றம், காரணம் தெரியாத எடையிழப்பு, இரத்தச்சோகை ஆகியவையும் சோதிக்கப்பட வேண்டியவை. இளம் வயதினருக்கும் இது பொருந்தும்.

மது பெருங்குடல் புற்றுக்குக் காரணமாகும் பொருள்களுள் ஒன்று என்று உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது. நஞ்சு கலந்த சாராயம் மட்டுமன்று, கலப்படமற்ற மதுவும் உடலில் அசிட்டால்டிஹைடாக மாறி மரபணுக்களைச் சேதப்படுத்துகிறது. புகையிலையும் உடற்பருமனும் இடரைக் கூட்டுகின்றன. நம் மலையில் விளையும் சாமை, தினை போன்ற நார்ச்சத்து மிக்க தானியங்களும் நாள்தோறும் நடப்பதும் இடரைக் குறைக்க உதவுகின்றன. சிகிச்சைச் செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உதவி உண்டு. அட்டையுடன் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவை அணுகுக.

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு விடை இது: பசித்திருந்தால் புற்று அழியாது, நோயாளிதான் மெலிவார். இறக்க மறுக்கும் உயிரணுக்களை இறக்கச் செய்வது மருந்தின் வேலை. நலமானவை மீண்டும் துளிர்ப்பதற்கு வேண்டியதைத் தருவது குடும்பத்தின் வேலை. இன்றைய உணவைக் கொடுங்கள். ஐயம் எழுந்தால், காணொளியையும் கொண்டு வந்து எங்களிடம் கேளுங்கள். சேர்ந்து பார்த்து விளக்கம் கூறக் காத்திருக்கிறோம்.